என் பெயரில் எழுதிய நெஞ்சுவலி

போன வருடம் ஆடி மாதம் முடிந்த கையோடு நடந்தது இது. பம்மலில் ஒரு சின்ன அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நான் தனியாகக் குடியிருக்கிறேன். ஒரே மகள், கல்யாணமாகி முடிச்சூர் பக்கம் இருக்கிறாள். எனக்கு வயது அறுபத்தெட்டு. படிப்பு ஐந்தாவது வரைக்கும்தான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். வரிக்குக் கீழே விரல் வைத்துக்கொண்டால்தான் ஓடும். கையெழுத்து மட்டும் சட்டென்று போடுவேன். அந்தச் சட்டென்றுதான் என்னை மாட்டிவிட்டது.

என் சமையலறைச் சுவருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. முன்பு அதில் தோல் வெட்டும் பட்டறை நடந்தது. பட்டறை மூடிய பிறகு ரொம்ப நாள் சும்மா கிடந்தது. பிறகு நாலு பேர் அதை வாடகைக்கு எடுத்து, சனி ஞாயிறு சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் பாட்டுப் பழகினார்கள். மூன்று ஆண்கள், ஒரு பெண். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். பாடுவது அந்தப் பெண்தான்.

அதைப் பாட்டு என்று சொல்லவே எனக்கு முதலில் மனம் வரவில்லை. கிடார் என்றால் சினிமாவில் கடற்கரையில் உட்கார்ந்து மெதுவாக மீட்டுவார்களே, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். இது தோல் சீவும் இயந்திரம் மாதிரி கர்ரென்று இழுத்தது. பின்னாலேயே டிரம் தடதடவென்று இடிக்கும். அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் மூடிகள் எல்லாம் சேர்ந்து நடுங்கும். அதற்கு மேல் அந்தப் பெண் தொண்டை கிழியக் கத்துவாள். என்ன சொல்கிறாள் என்று ஒரு வார்த்தை புரியாது. "இந்த வயசுல இதுக்கு என்னடா அவ்ளோ கோவம்" என்று நானே முணுமுணுத்திருக்கிறேன். பொய் சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கவில்லைதான்.

ஆனால் யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. எங்கள் தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது போனில் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு, அது போன பிறகு மறுபடி ஆரம்பிப்பார்கள். திருவிழா என்றால் பத்து நாள் கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கி கட்டுவார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் தெருவில், வாரம் இரண்டு நாள் மூன்று மணி நேரம் ஒரு பெரிய விஷயமா? அதோடு எனக்குப் பேசவும் வராது. நாலு பேர் கூடின இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தெரு நலச்சங்கத்தின் செயலாளர் கையில் அட்டையோடு வந்தார். வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் தெருவுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது.

"அம்மா, ஒரு சைன் போடுங்க. நம்ம தெரு பிராப்ளம்தான்" என்றார்.

தெருப் பிரச்சினை என்றால் எங்களுக்கு ஒன்றுதான். மழை வந்தால் கால்வாய் அடைத்துக்கொண்டு வாசல்வரை சாக்கடை வரும். அதற்கு வருடா வருடம் மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குவார்கள். இதுவும் அதுதான் என்று நினைத்தேன். மனு மேலே இருந்தது. கையெழுத்துப் போடும் தாளை அதன் அடியிலிருந்து உருவி மேலே மடித்துக் காட்டினார். மனுவைப் படிக்க வேண்டும் என்று சொன்னால் அவர் முன்னால் விரல் வைத்து எழுத்துக்கூட்ட வேண்டும். அவர் வாட்சைப் பார்ப்பார். அந்த வெட்கத்துக்காக நான் எந்தக் காகிதத்தையும் படிப்பதே இல்லை. ரேஷன் கடையிலும் சரி, வங்கியிலும் சரி, காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கும் போட்டேன்.

பேனாவைத் திருப்பி வாங்கும்போது, "உடம்பு எப்படிம்மா இருக்கு? மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். யார் இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. "பிரஷருக்கு ஒண்ணு சார்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பின்னால் வழக்கம்போல இடி இடித்துக்கொண்டிருந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று கரண்ட் போனது. ஃபேன் நின்றது, கிடார் நின்றது, மூடிகளின் நடுக்கம் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

ஆனால் அந்தப் பெண் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலே தொடர்ந்து பாடினாள். யாரோ ஸ்டூலில் கையால் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் தடவையாக வார்த்தைகள் தனித்தனியாக என் ஜன்னலுக்குள் வந்தன.

"கட்டடம் கட்ட கூப்ட்டீங்க,
கட்டி முடிச்சா கேட்ட சாத்துறீங்க,
யாருய்யா வெளியாளு?
தோலு பையி தோள்ல தொங்குது,
தெச்ச கையி நாறுதா ஒனக்கு?
யாருய்யா வெளியாளு?"

கீரையைக் கீழே போட்டுவிட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே என் வலது கையை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடம் நான் தோல் கம்பெனியில் கையுறை தைத்தவள். அந்தக் கொட்டகைப் பட்டறையில் வெட்டிய தோல் எங்கள் கம்பெனிக்குத்தான் வரும். வேலையை விட்டுப் பதினான்கு வருடம் ஆகிறது. கையில் இப்போது கீரை வாசனைதான் இருந்தது. ஆனாலும் மோந்து பார்த்தேன்.

வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருக்கிற அம்மா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து போவாள். இடம் கிடைத்ததே என்று உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஒரு தடவை பல்லாவரத்தில் வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்து, குழாய் எங்கே, மாடிப்படி எங்கே என்று எல்லாம் காட்டினாள். வேலை எங்கே என்று கேட்டாள். சொன்னேன். "அடடா, நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டேனே, மறந்தே போச்சு" என்றாள். நாங்கள் படி இறங்கும்போது பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நாங்கள் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிட்டாள். என் வீட்டுக்காரரும் நானும் பஸ் ஸ்டாண்டு வரை ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அவர் இறந்த நாள் வரைக்கும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் விழுங்கியதை எல்லாம் ஒரு பெண் என் சமையலறைச் சுவருக்குப் பின்னால் நின்று கத்திக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக நான் மூடிகளைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கரண்ட் வந்தது. மறுபடி எல்லாம் சேர்ந்து இடித்தது. இப்போது அந்த இரைச்சலுக்குள்ளே வார்த்தைகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தடதடப்பும் எனக்குத் தெரிந்ததுதான். தோல் பதனிடும் டேனரியில் பெரிய பெரிய மர உருளைகளுக்குள் தோலைப் போட்டுச் சுற்றுவார்கள். அது சுற்றும்போது கால் வழியாக உடம்புக்குள் ஏறும் ஒரு அதிர்வு. அதேதான் இது.

அடுத்த சனிக்கிழமை மனதைத் திடப்படுத்திக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். போய் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. ஒரு டப்பாவில் சுண்டல் மட்டும் எடுத்துப் போனேன். என்னைப் பார்த்ததும் நாலு பேரும் திடுக்கென்று எழுந்து நின்றார்கள். டிரம் அடிக்கிறவர் வடகிழக்கு மாநிலத்துக்காரர், முப்பது வயது இருக்கும், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை. அவர் கையில் இருந்த குச்சிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அம்மா, சத்தம் ஜாஸ்தி? நான் கம்மி பண்றேன்மா, ரொம்ப கம்மி" என்றார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கம்மா. உனக்கு நெஞ்சு வலின்னு எங்களுக்கு சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தா வேற எடம் பாத்துகினு போயிருப்போம். இன்னாம்மா, ஒரு வார்த்த எங்க கைல நேரா சொல்லியிருக்கலாம்ல?"

"யாருக்கு நெஞ்சு வலி?" என்றேன்.

அவள் போனை எடுத்துக் காட்டினாள். செயலாளர் கொடுத்த மனுவைக் கொட்டகை உரிமையாளர் போட்டோ எடுத்து இவளுக்கு அனுப்பியிருந்தார். நல்ல தமிழில் அடித்திருந்தார்கள். விரலால் திரையைத் தொட்டால் ஓடிப்போகிறது, அதனால் அவளே படித்துக் காட்டினாள். வெளியாட்கள் கூடுகிறார்களாம். பண்பாட்டுக்குப் பொருந்தாத கூச்சலாம். கொட்டகையை ஒட்டிக் குடியிருக்கும், இதய நோயால் அவதிப்படும் முதியவர் ஒருவர் உயிருக்குப் போராடுகிறாராம். கடைசியில் கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது. கோணல் மாணலாக, பெரிதாக.

எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு சுண்டல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளை உயிருக்குப் போராட வைத்துவிட்டார்கள். அதைக் காட்டி, தோல் தைத்த கையைப் பற்றிப் பாடுகிற பெண்ணைத் துரத்தப் பார்க்கிறார்கள். அதற்குத் தோல் தைத்த அதே கையிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்!

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா. கால்வா மனுன்னு நெனச்சுப் போட்டுட்டேன்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. பிறகு சிரித்தாள். "அப்ப உன் நெஞ்சு நல்லா கீதா?"

"நல்லாத்தான் இருக்கு. மூடிங்கதான் ஆடுது."

நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். சுண்டல் காலியானது. அவள் நாகல்கேணியில் பிறந்தவள். அப்பா டேனரியில் தோலை ஊறவைக்கும் தொட்டியில் இறங்கி வேலை பார்த்தவராம். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டார்களாம். டிரம் அடிப்பவருக்கு வேறு மாதிரி. தெருவில் நடந்தால் "ஏ சைனா" என்று கூப்பிடுவார்கள். அதையெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பாட்டு.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். "வார்த்தையெல்லாம் இவ்ளோ நல்லா இருக்கே, இத கொஞ்சம் மெதுவா பாடினா எல்லாருக்கும் புரியும்ல?"

"மெதுவா எங்கப்பா முப்பது வருசம் சொல்லிகினு இருந்தாரும்மா. நீ கேட்டியா?" என்றாள்.

நானும்தான் மெதுவாகக்கூடச் சொல்லாமல் இருந்தவள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தில் சங்கக் கூட்டம். கொட்டகை உரிமையாளரையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர் சரி என்றால் மாதக் கடைசியில் இவர்கள் காலி செய்ய வேண்டும். வேறு எங்கே போனாலும் இந்தச் சத்தத்துக்கு இடம் கிடைக்காது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். விடிகிற வரைக்கும் நான் ஒரே வரியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்: "அது என் நோய் இல்லை." வீட்டுக்குள் நன்றாகத்தான் வந்தது. இடுப்பில் ஒரு பேனாவைச் செருகிக்கொண்டு போனேன்.

முப்பது நாற்பது பேர், பிளாஸ்டிக் நாற்காலிகளில். அந்த நாலு பேரும் ஓரமாக நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி போடவில்லை. செயலாளர் எழுந்து, "நாம யாருக்கும் எதிரி கிடையாது. பட் இது ஃபேமிலிஸ் இருக்குற ஏரியா. வெளியாளுங்க வந்து இப்படி நியூசென்ஸ் பண்ணா..." என்று ஆரம்பித்தார்.

அந்தப் பெண் குறுக்கே பேசினாள். "சார், நான் நாகல்கேணில பொறந்தவ. இங்கருந்து ஷேர் ஆட்டோல பத்து நிமிஷம். நீங்க எந்த ஊர்லருந்து வந்தீங்க சார்?"

"அது வேற மேட்டர்மா. பேச்ச திசை திருப்பாதீங்க" என்றார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்கு மறுபடி எரிந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் வந்தவர் உள்ளாள், இங்கேயே பிறந்தவள் வெளியாள்! எந்தக் கணக்கில்?

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இதோ, இந்த அம்மாவையே பாருங்க. ஹார்ட் பேஷண்ட். ஏதாவது ஒண்ணுன்னா யார் ரெஸ்பான்சிபிள்?"

எல்லாத் தலையும் திரும்பியது. நான் எழுந்தேன். இரவெல்லாம் சொல்லிப் பார்த்த வரி வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. "உக்காருங்கம்மா, ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க" என்றார் அவர், நிஜமாகவே நோயாளியிடம் பேசுவது மாதிரி. அந்தக் குரல்தான் என்னை நடக்க வைத்தது. நேராக மேசைக்குப் போய்க் கையை நீட்டினேன்.

"அந்தப் பேப்பர குடுங்க."

"எதுக்கும்மா? நான்தான் எக்ஸ்ப்ளெயின் பண்றேனே."

"நான் படிக்கணும்."

கொடுத்தார். நான் மேசைமேல் வைத்து, முதல் வரிக்குக் கீழே விரலை வைத்தேன். வாய்விட்டுப் படித்தேன். வேறு விதமாகப் படிக்க எனக்குத் தெரியாது. ம...திப்...பிற்...குரிய. ஒவ்வொரு எழுத்தாக. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பின்னாலிருந்து ஒருவர், "ஆயா, மத்தியான சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடுவியா?" என்று கேட்க, சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பில் எந்த வரியில் இருந்தேன் என்று தொலைத்துவிட்டேன். மறுபடி அந்த வரியை ஆரம்பத்திலிருந்து படித்தேன். வாழ்நாள் முழுக்க எந்த வெட்கத்துக்குப் பயந்து ஒளிந்தேனோ, அது நாற்பது பேர் முன்னால் நடந்துகொண்டிருந்தது. வேர்த்துக் கொட்டியது. ஆனால் விரலை எடுக்கவில்லை. செயலாளர் வாட்சைப் பார்த்தார். பார்க்கட்டும்.

'இதய நோயால்' என்ற இடத்துக்கு வரும்போது யாரும் சிரிக்கவில்லை.

"இது பொய்" என்றேன். குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கொஞ்சம் கத்திவிட்டேன் போல. "எனக்கு நெஞ்சு வலி இல்ல. பிரஷருக்கு ஒரு மாத்திர போடுறேன். அவ்ளோதான்."

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான் அப்படிப் போட்டோம். கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு..."

"எனக்கில்லாத நோய எழுதறது எனக்கு நல்லதா சார்? கால்வா அடச்சு வூட்டுக்குள்ள சாக்கட வந்தப்போ என் பேர்ல இப்படி ஸ்ட்ராங்கா எழுதினீங்களா? இவங்களும் வெளியாளு இல்ல. அந்தக் கொட்டாய்ல வெட்டின தோலத்தான் நான் இருபத்திரண்டு வருசம் தெச்சேன். நாறுதுன்னா என்னையும் சேத்துக் காலி பண்ணச் சொல்லுங்க."

இடுப்பிலிருந்து பேனாவை எடுத்து என் கையெழுத்தின் மேல் கோடு போட்டேன். ஒன்று போதாது என்று இன்னும் இரண்டு. தாள் கிழிந்துவிட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள், நியாயம் ஜெயித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. "ஒரு சைன் போனா என்ன, இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு" என்றார் செயலாளர். கொட்டகை உரிமையாளர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு எதுக்கு சார் பேஜாரு" என்று பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மாதக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள். டிரம்மை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றும்போது அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீ கத்துன பாரு, அதுல பாதி எனக்கு வராதும்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் மேல்மாடிப் பெண் துணி எடுக்க வந்தவள், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு என்னிடம், "நானும் படிக்காமத்தான் போட்டேன் அக்கா" என்றாள். அவள் பி.காம். படித்தவள். "அத அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். துணியை மடித்துக்கொண்டு போய்விட்டாள். செயலாளர் மேல் வந்த கோபத்தைவிட அது எனக்குப் பெரிய கோபம். முப்பத்தொன்றில் எத்தனை பேர் இப்படியோ? ஒவ்வொருவரும் வாயைத் திறந்திருந்தால் அந்த மனுவில் என்ன மிஞ்சியிருக்கும்?

இப்போது அந்தக் கொட்டகையில் தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் மண்ணிவாக்கம் தாண்டி எங்கோ வயல் நடுவில் ஒரு இடம் பிடித்திருக்கிறார்களாம். பாட்டைப் பதிவுசெய்து எனக்குப் போனில் அனுப்பினாள். கேட்கிறேன், ஆனால் இந்தச் சின்ன போனுக்குள் அந்த இடி அடங்கவில்லை. கால்வாய் இன்னும் அடைத்துத்தான் கிடக்கிறது. போன மாதம் செயலாளர் அதற்கு ஒரு மனு கொண்டுவந்தார். உட்காரச் சொல்லி நாற்காலி போட்டுவிட்டு, விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்து முடித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து போன பின் சமையலறைக்குப் போனேன். அடுப்பு மேடையில் மூடிகள் ஆடாமல் அசையாமல் இருந்தன. அந்த அமைதியில் என் கையெழுத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.